தகடு குடமாகும் பட்டறையில்: கும்பகோணம் நாட்குறிப்பு

திங்கள்

கோபுர உச்சியில் நிற்கும் கலசங்களை வார்ப்பு வேலை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அவை தகட்டு வேலை. செப்புத் தகட்டைச் சுத்தியால் குழித்து, எழுப்பி, பகுதி பகுதியாகச் செய்து, நடுவில் நிற்கும் தண்டில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கோத்து நிறுத்துகிறார்கள். உள்ளே காலிதான். கும்பாபிஷேகத்தின்போது வரகு போன்ற தானியங்களைப் போட்டு நிரப்புவார்கள். திருவரங்கத்து ராஜகோபுரம் 1987-இல் கட்டி முடிக்கப்பட்டபோது மேலே ஏறிய 13 கலசங்களும் செம்புதான். ஒவ்வொன்றும் 3.12 மீட்டர் உயரம், 135 கிலோ எடை. ஆளைவிட உயரமான அந்தப் பொருட்கள் எல்லாம் ஒரு காலத்தில் தட்டையான தகடுகளாகத் தரையில் கிடந்தவை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அந்த வேலையைக் கையால் பழக வேண்டும் என்றுதான் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி விடியற்காலையில் கும்பகோணம் வந்து இறங்கினேன். தெரிந்தவர்கள் சொல்லிவிட்ட ஒரு பட்டறை. கலசம், சாமிக்குக் கவசம், கொடிமரத்துக்குத் தகடு போர்த்துவது, இதெல்லாம் இங்கே நடக்கிறது. வேலை செய்கிறவர்கள் எழுபதைத் தாண்டிய பெரியவர், அவர் மகன், உதவிக்கு ஒரு பையன். பெரியவரை எல்லோரும் ஐயா என்கிறார்கள், நானும் அப்படியே.

பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் கவனத்தில் பட்டது இருட்டு. ஒரே ஒரு ஜன்னல், அதிலும் சாக்குத் தொங்குகிறது. விளக்கு போடலாமா என்று கேட்டேன். "வேணாம்மா. வெளிச்சம் இருந்தா நெருப்போட நிறம் தெரியாது" என்றார். அதன் அர்த்தம் நாளைக்குத்தான் விளங்கும் என்று மகன் சொன்னார்.

கருவிகள் ரொம்பக் கொஞ்சம். நடுவில் குழி தோண்டிய புளியமரக் கட்டை ஒன்று. கட்டையில் அடித்து நிறுத்திய இரும்புத் தண்டுகள் சில. ஒன்றின் தலை உருண்டை, ஒன்றின் தலை வளைந்து நீண்டது, ஒன்று தட்டை. மரத்தால் ஆன கொட்டாப்புளி. இரும்புச் சுத்தி பல அளவில். கத்தரி, குறடு, கவராயம், அரம். கரி உலை, அதற்கு இப்போது சின்ன மின் விசிறி. பழைய தோல் துருத்தி சுவரில் மாட்டியிருக்கிறது.

இன்றைக்கு நான் எதையும் தொடவில்லை. "உட்காந்து கேளும்மா" என்று ஒரு மணையைத் தள்ளிவிட்டார். பார் என்று சொல்லவில்லை, கேள் என்றார். அவர் ஒரு பெரிய குடத்தின் அடிப்பாகத்தைத் தண்டின்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி அடித்தார். ஆரம்பத்தில் அடி தொப் தொப் என்று உள்ளே அமுங்குவதுபோல விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஓசை உயர்ந்து, கடைசியில் டங் டங் என்று சுத்தியைத் திருப்பி எறிகிற மாதிரி ஆனது. அந்த இடத்தில் அவர் நிறுத்திவிட்டார். பாத்திரத்தை உலைக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது அதே செம்பு மறுபடியும் தொப் என்றது. சாயங்காலம் வரை இதுவேதான் நடந்தது. எந்த அடியோடு நிறுத்துவார் என்று மதியத்துக்கு மேல் என்னால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது.

செவ்வாய்

இன்று கையில் தகடு கிடைத்தது. 22 கேஜ் செம்பு, ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் கனம். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள அரைக்கோளம் ஒன்று செய்ய வேண்டும்; சின்னக் கலசத்தின் குடத்துக்கு அதுதான் கீழ்ப்பாதி.

"எவ்வளவு பெரிய வட்டம் வெட்டுவே?" என்று கேட்டார் ஐயா. கணக்குப் போட்டுச் சொன்னேன். அரைக்கோளத்தின் பரப்பும் வட்டத் தகட்டின் பரப்பும் சமமாக இருக்க வேண்டும் என்றால், வட்டத்தின் விட்டம் கோளத்தின் விட்டத்தைப்போல 1.414 மடங்கு இருக்க வேண்டும். ஆக 14 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அவர் காகிதம் எடுக்கவில்லை. பழைய கிண்ணம் ஒன்றின் வயிற்றின்மேல் ஒரு நூலை இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை படிய வைத்தார். அந்த நீளத்திலிருந்து விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைத்து, கவராயத்தில் பிடித்து வட்டம் போட்டுவிட்டார். என் கணக்கும் அவர் நூலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன. அந்தக் குறைக்கிற அளவு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "கூட்டினா வாய் அகலும், குறைச்சா வயிறு மெலியும்" என்றார். அனுபவத்தில் வந்த கணக்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 14.1 சென்டிமீட்டர் வட்டத்தின் விளிம்பைச் சுற்றி அளந்தால் 44 சென்டிமீட்டருக்கு மேல் வரும். அது 10 சென்டிமீட்டர் அரைக்கோளமாக முடியும்போது வாயின் சுற்றளவு 31 சென்டிமீட்டர்தான். மீதி 13 சென்டிமீட்டர் எங்கே? நாம் எதையும் வெட்டவில்லை, ராவவில்லை, உருக்கவில்லை. துணியாக இருந்தால் பாவாடைக் கொசுவம் மாதிரி மடிப்பு விழுந்து அந்த அளவு உள்ளே போய்விடும். செம்பும் முதலில் அதைத்தான் செய்யப் பார்க்கும். விளிம்பில் அலை அலையாகச் சுருக்கம் எழும். அந்தச் சுருக்கம் மடிந்து ஒன்றின்மேல் ஒன்று படுத்துவிட்டால் கதை முடிந்தது. அந்த இடம் பிறகு கீறும். அப்படி மடிவதற்கு முன்பே ஒவ்வொரு அலையையும் அடித்துத் தனக்குள்ளேயே அமுக்க வேண்டும். அப்படி அமுங்கும் உலோகம் கொஞ்சம் கனமாகவும் கொஞ்சம் உயரமாகவும் மாறுகிறது. அந்த 13 சென்டிமீட்டர் அங்கேதான் இருக்கிறது, வேறு உருவத்தில்.

ஐயா ஒரு பழைய துண்டைக் காட்டினார். யாரோ பழகிய காலத்தில் செய்தது, மடிப்பு படுத்து, அதன் ஓரமாக மயிரிழைக் கீறல். இதைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்குக் காட்ட.

முதலில் குழிப்பது. புளியமரக் கட்டையின் குழியில் தகட்டை வைத்து, கொட்டாப்புளியால் விளிம்பிலிருந்து உள்ளே சுற்றி வர வேண்டும். நடுவில் ஓங்கி அடிக்கத்தான் கை போகும். அப்படி அடித்தால் நடு மட்டும் மெலிந்துபோகும். தகடு சாப்பாட்டுத் தட்டு ஆழத்துக்கு வந்ததும், உருண்டைத் தலைத் தண்டின்மேல் கவிழ்த்து வெளியிலிருந்து எழுப்புவது. வட்டத்தின் மையத்தில் சின்னப் புள்ளி குத்தியிருக்கிறோம். அதிலிருந்து கவராயத்தால் வளையம் வளையமாகக் கோடு. ஒவ்வொரு வளையமாக அடித்துக்கொண்டே விளிம்பு வரை போக வேண்டும். சுத்தி விழும் இடம், தகடு தண்டைத் தொடும் இடத்துக்கு ஒரு நூல் மேலே இருக்க வேண்டும். அந்த ஒரு நூல் இடைவெளியில்தான் தகடு உள்ளே சாய்கிறது. நேராகத் தண்டின்மேலேயே அடித்தால் தகடு எழும்பாது, நசுங்கி அகலும்.

ஒரு சுற்று முடிந்தால் உலைக்குப் போக வேண்டும். நேற்றுக் கேட்ட டங் ஓசைக்குக் காரணம் இதுதான். அடி விழ விழ, செம்பின் உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் அணுக்களின் வரிசை குலைந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது; மேற்கொண்டு நகர இடமில்லாமல் விறைத்துவிடுகிறது. சூடு கொடுத்தால் பழைய சிக்கல் கலைந்து புதிய படிகங்கள் உருவாகின்றன, உலோகம் மறுபடியும் இளகுகிறது. அதற்குச் செம்பை உருகும் நிலைக்கெல்லாம் கொண்டுபோக வேண்டாம். செம்பு உருகுவது 1085 டிகிரியில். இருட்டில் மங்கலாகச் சிவப்பு தெரிந்தாலே போதும், அது 600 டிகிரி வாக்கில் இருக்கும். அதற்காகத்தான் ஜன்னலில் சாக்கு. வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, தெரியவில்லையே என்று இன்னும் காய்ச்சுவோம். அதிகம் காய்ச்சினால் படிகங்கள் பெருத்துவிடும், பிறகு அடிக்கும்போது மேற்பரப்பு சொரசொரவென்று ஆகும்.

சிவந்த செம்பை அப்படியே தண்ணீரில் போட்டார் மகன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொல்லுப் பட்டறையில் அரிவாளைத் தோய்ப்பது அதைக் கடினமாக்கத்தானே? எஃகு அப்படி. செம்புக்கு அந்தக் குணம் கிடையாது. தண்ணீரில் போட்டாலும் சும்மா ஆறவிட்டாலும் மென்மையாகத்தான் இருக்கும். தண்ணீரில் போடுவதில் இன்னொரு லாபம், மேலே படிந்த கரிய படலம் பொட்டுப் பொட்டாக உதிர்ந்துவிடுகிறது. அந்தக் கருப்புக்குக் கீழே செங்கல் நிறத்தில் இன்னொரு படலம். அதைப் புளித்தண்ணீர் கரைத்துவிடும்.

இரவு எட்டு மணிக்குத் தகடு இன்னும் கிண்ணமாகவில்லை. ஆனால் வட்டம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

புதன்

பித்தளையின் நாள். மகன், அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன், கொடிமரத்துக்கான பித்தளைத் தகடு ஒன்றை வளைத்துக்கொண்டிருந்தார். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். எவ்வளவு சேர்கிறது என்பதில்தான் அடிக்கிறவனின் பிழைப்பு இருக்கிறது. 100-க்கு 30 பங்கு துத்தநாகம் இருக்கும் பித்தளை நன்றாக வளைந்து கொடுக்கும். 40 பங்கை நெருங்கினால் குளிர்ந்த நிலையில் அடிக்க அடிக்க வெடித்துப்போகும். கடையில் இரண்டும் மஞ்சளாகத்தான் இருக்கும். அண்ணன் ஒரு ஓரத்தை வெட்டி, குறட்டால் முன்னும் பின்னும் மடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்.

செம்புக்குக் காட்டிய சுதந்திரத்தைப் பித்தளைக்குக் காட்டக் கூடாது. சிவந்திருக்கும்போது அடிக்கக் கூடாது, முறியும். சிவப்பு அடங்கிய பிறகுதான் தண்ணீருக்குப் போக வேண்டும். அதைவிட முக்கியம், அளவுக்கு மீறிக் காய்ச்சக் கூடாது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். வெள்ளைப் புகை எழுந்தால் அதுதான். அதைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கம் வரும். பற்றவைக்கிற வேலையை இங்கே வாசல் பக்கம், காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் செய்கிறார்கள். கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மதியம் ஓர் அம்மா பித்தளைக் குடம் ஒன்றைக் கொண்டுவந்தார். அடியே படாமல் கழுத்தருகே நீளமாக விரிசல். "பரண்ல சும்மாதான் இருந்துச்சு, எப்படி வெடிச்சுச்சுன்னே தெரியலை" என்றார். ஐயா குடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "மாட்டுக் கொட்டகைப் பக்கம் வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம், கொட்டகைக்கு மேலேதான் பரண்.

எனக்கு உடனே ஒரு பழைய சம்பவம் ஞாபகம் வந்தது. பிரிட்டிஷ் காலத்தில், இந்தியாவில் ராணுவம் சேமித்து வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலம் வந்தால் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை லாயங்களில் வைத்திருந்தவைதான் அதிகம் கெட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாதான் காரணம் என்பது பிற்பாடு விளங்கியது; 1921-இல் ஆய்வாளர்கள் அதை விளக்கி எழுதினார்கள். அம்மோனியா மட்டும் இருந்தால் இப்படி ஆகாது. அடித்தோ அழுத்தியோ செய்த பித்தளைக்குள் ஓர் இழுவிசை தங்கியிருக்கும். அதோடு ஈரமும் அம்மோனியாவும் சேரும்போது படிகங்களின் ஓரமாகப் பிளந்துகொண்டு போகும். வேலை முடிந்ததும் 250, 300 டிகிரி அளவில் லேசாகச் சூடு காட்டினால் உள்ளே இருக்கும் அந்த இழுப்பு தளர்ந்துவிடும், விறைப்பு மட்டும் அப்படியே நிற்கும்.

இதை ஐயாவிடம் சொன்னேன். தோட்டாக் கதை அவருக்குப் புதிது. மாட்டுக் கொட்டகை விஷயம் அவர் அப்பா சொல்லிக்கொடுத்ததாம். செய்து முடித்த பித்தளையை ஆறிக்கொண்டிருக்கும் உலையின் ஓரத்தில் ராத்திரி முழுக்க வைத்துவிடுவது இந்தக் குடும்பத்தின் வழக்கம். காரணத்தைக் கேட்டதற்கு "அலுப்பு போகட்டும்னு" என்றார்.

வியாழன்

பட்டறைக்கு இன்று விடுமுறை கேட்டுக்கொண்டு தஞ்சாவூர் போனேன். பெரிய கோயிலில் மற்றவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் கல்வெட்டு வரிகளை ஒட்டியே நடந்தேன். இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-இல், விமானத்து உச்சியில் வைக்க ஒரு செப்புக்குடம் கொடுத்ததாக இந்தக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. குடத்தின் நிறை, அந்தக் கால எடை அளவில், 3083 பலம். அதன்மேல் போர்த்திய பொன் தகடு 2926½ கழஞ்சு.

படித்த செய்திதான். ஆனால் இரண்டு நாள் சுத்தி பிடித்த கையோடு அங்கே நிற்கும்போது அந்த எண்கள் வேறு மாதிரிப் பேசுகின்றன. அந்த அரைக் கழஞ்சைப் பாருங்கள். ராஜா கொடுத்தார் என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகவில்லை. நிறுத்து, அரைக் கழஞ்சு வரை எண்ணி, கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பொன்னைத் தகடாக்கிச் செம்பின் வளைவில் ஒட்டப் போர்த்துவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது இப்போது புரிகிறது. கீழே இருக்கும் செம்பில் ஒரு சுத்தித் தடம் தூக்கலாக இருந்தாலும் பொன்னில் அது தெரியும். குடத்தைக் கொடுத்த அரசனின் பெயர் நமக்குத் தெரியும், அடித்த கைகளின் பெயர் தெரியாது. எனக்கு இது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மதியம் தஞ்சாவூர்த் தட்டு செய்யும் வீடு ஒன்றில் இரண்டு மணி நேரம். புவிசார் குறியீடு பெற்ற பொருள் இது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் தொடங்கியது என்று சொல்வார்கள். அடியில் பித்தளைத் தட்டு, அதன்மேல் செம்பிலும் வெள்ளியிலும் புடைத்து நிற்கும் உருவங்கள், நடுவில் பெரும்பாலும் ஒரு தெய்வம். மெல்லிய தகட்டை அச்சின்மேல் வைத்து மழுங்கிய உளியால் தட்டித் தட்டி உருவத்தை எடுக்கிறார்கள். பிறகு பின்பக்கத்துப் பள்ளத்தில் அரக்கை ஊற்றுகிறார்கள். குங்கிலியமும் செங்கல் பொடியும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவை அது. ஆறினால் கல் மாதிரி நிற்கும், கொஞ்சம் சூடு காட்டினால் விட்டுக்கொடுக்கும். அதன் பலத்தில் முன்பக்கம் கண், விரல், நகைகள் எல்லாம் கூராகின்றன. கவசம் செய்வதும் இதே முறைதான் என்று கும்பகோணத்தில் அண்ணன் சொல்லியிருந்தார்.

அங்கிருந்த கைவினைஞர் ஒரு பிள்ளையார் உருவத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார், அரக்கு ஊற்றுவதற்கு முன்னால். தும்பிக்கையின் மேடு எவ்வளவு எழும்பியிருக்கிறதோ அந்த அளவுக்குத் தகடு அங்கே மெலிந்திருக்கிறது. குழிப்பதில் நேற்று முன்தினம் பார்த்ததும் இதுவேதான். ஓரிடத்தில் உயரம் வேண்டும் என்றால் பக்கத்திலிருந்து உலோகத்தைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், இல்லையென்றால் அந்த இடமே கொடுத்துக் கொடுத்து மெலிய வேண்டும். நல்ல கைவினைஞர் மேட்டை எழுப்புவதற்கு முன் சுற்றுப்புறத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டு வருகிறார். அவசரப்படுகிறவர் கையில் மூக்கு நுனி கிழிந்துவிடும்.

கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தேன்.

வெள்ளி

காலையில் பூஜை, சாம்பிராணி, கருவிகளுக்குப் பொட்டு. அதன்பின் பற்றவைப்பு ஒன்றே ஒன்று. ஆனால் அது ஒன்றே போதும்.

பெரிய கலசத்தின் கழுத்துப் பகுதி வட்டத் தகட்டிலிருந்து எழுப்பியதல்ல. நீளத் தகட்டைக் குழாயாகச் சுருட்டி இணைப்பது. திருவரங்கத்துக் கலசங்களின் குடம் 1.56 மீட்டர் விட்டம். அதில் பாதியை ஒரே வட்டத்திலிருந்து எழுப்ப வேண்டும் என்றால் 2.2 மீட்டர் தகடு வேண்டும். அந்த மாதிரி அளவுக்கு இணைப்புதான் வழி. ஓரத்தோடு ஓரம் வைத்துப் பற்றவைத்தால் பின்னால் அடிக்கும்போது விட்டுப்போகும். அதனால் ஒரு விளிம்பில் பல் பல்லாக வெட்டி, ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகத் தூக்கி, மறு விளிம்பை நடுவில் செருகி, பற்களைப் படிய அடிக்கிறார்கள். அப்புறம் வெங்காரத்தை, அதாவது போராக்ஸை, தண்ணீரில் குழைத்துப் பூசி, மேலே பித்தளைப் பொடி தூவி, உலையில் வைக்கிறார்கள். வெங்காரம் முதலில் பொரிந்து, பிறகு கண்ணாடிபோல உருகிச் செம்பைக் காற்றுப் படாமல் மூடிக்கொள்கிறது. பித்தளை 900-ஐத் தாண்டியதும் உருகுகிறது. செம்பு உருக 1085 ஆக வேண்டும். இடையில் இருக்கிற அந்தச் சிறிய இடைவெளியில்தான் வேலையை முடிக்க வேண்டும். பொடி உருகி, பற்களுக்கு இடையே ஒரு மஞ்சள் கோடு மின்னலாக ஓடுகிறது. அந்தக் கணத்தில் அண்ணன் வெளியே எடுத்துவிட்டார். யாரும் பேசவில்லை, யாரும் மூச்சுக்கூட விடவில்லை.

ஆறியதும் ஐயா அந்த இணைப்பின்மேலேயே சுத்தியால் அடித்தார். பற்கள் தகட்டோடு தகடாகப் படிந்துவிட்டன. வெளியே மஞ்சளாகப் பல் வரிசை மட்டும் தெரிகிறது. பழைய செப்புப் பாத்திரம் வீட்டில் இருந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அந்தக் கோடு இருக்கலாம்.

சனி

அரைக்கோளம் உருவத்துக்கு வந்துவிட்டது. அளந்து பார்க்க வேண்டும் என்று கொண்டுவந்திருந்த திருகு அளவியை எடுத்தேன். தொடங்கும்போது தகடு முழுக்க 0.7 மில்லிமீட்டர். இப்போது அடியில் 0.6-க்குச் சற்று மேல். வாய் விளிம்பில் 0.9-ஐத் தொடுகிறது. செவ்வாய்க்கிழமை கேட்டேனே, 13 சென்டிமீட்டர் எங்கே என்று, அதில் ஒரு பங்கு இதோ விளிம்பின் கனத்தில் அளவிக்குள் சிக்கியிருக்கிறது. ஐயா அளவியை வாங்கிப் பார்த்தார். அப்புறம் விரலால் விளிம்பைத் தடவி, "இந்தப் பக்கம் ஒரு மயிரு கம்மி" என்றார். அந்தப் பக்கத்தை அளந்தேன், 0.85.

இனி மட்டம் தட்டுவது. பாத்திரம் இதுவரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது. கண்ணாடி மாதிரித் தேய்த்துவைத்த முகமுள்ள சுத்தி, அதேபோலத் தேய்த்த உருண்டைத் தண்டு. இரண்டுக்கும் நடுவில் தகட்டை வைத்து, ஒரு அடியின் தடத்தில் பாதியை அடுத்த அடி மூடும்படி, அடியிலிருந்து வாய் வரை வளையம் வளையமாக. பலம் வேண்டாம், மணிக்கட்டு மட்டும். தகடு தண்டில் சரியாக உட்கார்ந்திருந்தால் ஓசை மணிபோலத் தெளிவாக வரும். ஒரு நூல் விலகியிருந்தாலும் ஓசை பொத்தலாகும். சுத்தி முகத்தில் ஒரு தூசி ஒட்டியிருந்தால் அந்தத் தூசியின் அச்சு பாத்திரம் முழுக்கப் பதியும். அதனால் பத்து அடிக்கு ஒருமுறை துணியால் துடைக்கிறார்கள்.

கையால் அடித்த செம்பில் தெரியும் சின்னச் சின்ன முகங்கள் இந்த வேலையின் தடங்கள். இப்போது அழகுக்காக இயந்திரத்திலேயே அந்தத் தடங்களை அச்சடித்து விற்கிறார்கள். எல்லாத் தடமும் ஒரே அளவில், வரிசை தப்பாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். மனிதக் கை வாய்ப் பக்கம் வரும்போது அடியை நெருக்கிப் போடும்.

மட்டம் தட்டி முடித்ததும், பழக்கத்தில் உலைப் பக்கம் திரும்பினேன். ஐயா கையைப் பிடித்துத் தடுத்தார். "இனிமே நெருப்புக் கூடாதும்மா. இப்ப ஏறின விறைப்புதான் இதுக்கு எலும்பு." வாரம் முழுக்க ஒவ்வொரு சுற்றிலும் கஷ்டப்பட்டு இளக்கிக்கொண்டிருந்தோமே, அதே விறைப்பைக் கடைசிச் சுற்றில் மட்டும் உள்ளேயே விட்டுவிட வேண்டும். இளகிய செம்பில் செய்த பாத்திரம் கட்டை விரலால் அழுத்தினாலே நெளியும். 0.7 மில்லிமீட்டர் தகட்டில் செய்த கலசம் உச்சியில் காற்றுக்கும் மழைக்கும் நிற்கிறது என்றால், வளைவு பாதிக் காரணம், இந்தக் கடைசி அடிகள் மீதிப் பாதி. அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை.

புளியும் மணலும் போட்டுத் தேய்த்தோம். இளஞ்சிவப்பாக வெளியே வந்தது.

ஞாயிறு

கிளம்பும் நாள். காலையில் அண்ணனோடு டீ குடித்துக்கொண்டே பேசியதில், மனதில் இருந்ததைக் கேட்டேன்: இயந்திரம் வந்த பிறகு இந்த வேலைக்கு இடம் இருக்கிறதா? சுழலும் அச்சில் தகட்டைப் பிடித்து, நீளக் கம்பியால் அழுத்திச் சில நிமிஷத்தில் குடம் எடுக்கும் இயந்திரம் எங்கும் வந்துவிட்டது. சின்னக் கலசங்களை இவர்களே அப்படி வாங்கித்தான் முடிக்கிறார்கள். அதில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரே அளவில் நூறு குடம் வேண்டும் என்றால் அதுதான் நியாயமான வழி. ஆனால் அதற்கு முதலில் ஓர் அச்சு வேண்டும். ஒரு கோயிலின் மூலவருக்கு அளவெடுத்துச் செய்யும் கவசத்துக்கும், நூறு வருஷப் பழைய கலசத்தில் நசுங்கிப்போன ஒரே ஓர் இதழை மட்டும் மறுபடி எழுப்புவதற்கும் யார் அச்சு செய்வார்கள்? குடமுழுக்கு 12 ஆண்டுக்கு ஒருமுறை என்பது வழக்கம். அப்போதெல்லாம் கலசத்தைக் கீழே இறக்கிச் செப்பனிட வேண்டும். அதற்குக் கை தெரிந்தவர்கள் வேண்டும். அண்ணனின் பையன் கல்லூரியில் படிக்கிறான், விடுமுறையில் வந்து சுத்தி பிடிக்கிறான். அவனை இதற்குள் இழுத்துக் கட்டக் கூடாது என்பதில் அண்ணன் தெளிவாக இருக்கிறார். ஆனால் அவன் கை நன்றாக விழுகிறது என்று சொல்லும்போது அவர் முகம் மாறியது.

வெளியாட்களுக்கும் இதைத் திறந்துவிட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஐயாவுக்கு அதில் தயக்கம் இல்லை. "உட்காந்து கேக்கிற பொறுமை இருந்தா யார் வேணா வரட்டும்" என்றார்.

வீட்டில் தொடங்க நினைப்பவர்களுக்கு அவர் சொன்னது இது. பித்தளையில் தொடங்க வேண்டாம், செம்பில் தொடங்குங்கள். 22 கேஜ் போதும், அதைவிட மெல்லியது சுருக்கம் விழுந்து படுத்துவிடும், கனமானது கையை ஒடிக்கும். முதலில் குழிக்க மட்டும் பழகுங்கள், அதற்கு ஒரு மரக்கட்டையும் கொட்டாப்புளியும் இருந்தால் ஆகும். கட்டையில் குழியை நீங்களே தோண்டுங்கள். ஓசை மாறியதும் நிறுத்துங்கள், இன்னும் நாலு அடி என்று ஆசைப்பட வேண்டாம். விளிம்பை அரத்தால் மழுக்காமல் தகட்டைக் கையில் எடுக்கவே கூடாது, செப்புத் தகட்டின் வெட்டு ஆழமாகப் போகும். சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளும் பாத்திரம் என்றால் உள்ளே வெள்ளீயம் பூசியே ஆக வேண்டும். புளிப்பு பட்டால் செம்பு கரைந்து உணவில் இறங்கும். அந்த ஈயப் பூச்சை, வெள்ளீயத்தையும் நவச்சாரத்தையும் வைத்துக்கொண்டு எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்க இந்த முறை நேரம் வாய்க்கவில்லை. மார்கழி கழிந்து வரச் சொல்லியிருக்கிறார், தை மாதத்தில் பூச்சு வேலை நிறைய வருமாம். என் அரைக்கோளத்துக்கு மேல்பாதியும் அப்போதுதான்.